பாதைக்கு அடியில் ஒரு பாதை





ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது அவற்றுள் கடைநிலையானது. நபி (ஸல்) அவர்களின் இப்போதனையை மதரஸாவில் சிறு பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஆனால் நம் வீதிக்கு அடியிலும் ஒரு பாதை ஓடுகிறது. அது நம் அடுப்பங்கரையிலிருந்து புறப்படும் கழிவுநீர்ப் பாதை. அதில் இடையூறைப் போடுபவர்கள் நாம்தாம்.

அண்மையில் எங்கள் தெருவில் ஒரு வலீமா நடந்தது. பிரியாணி தேக்சாக்களை இரவிலேயே கழுவிக் கவிழ்த்தார்கள். மறுநாள் பஜ்ருத் தொழுகைக்குச் செல்கையில் பாதாளச் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் பொங்கி ஓடியது. பிறகு வந்த தொழிலாளர்கள் நீண்ட கம்பியால் குத்தி வெளியே எடுத்தது, மெழுகாய் உறைந்த கொழுப்புக் கட்டி. அந்த உணவை உண்டவர்களில் நானும் ஒருவன்.

சுடுநீரும் சோப்பும் ஊற்றினால் எண்ணெய் போய்விடும் என்று எண்ணுகிறோம். அது போவதில்லை, சற்றுத் தொலைவு சென்று, குளிர்ந்து, குழாயின் சுவரில் படிகிறது. இலண்டனின் ஒயிட்சேப்பல் பகுதியில் 2017ஆம் ஆண்டு இவ்வாறு சேர்ந்த கட்டி 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டிருந்தது.

அடைப்பை நீக்க ஒரு மனிதரை உள்ளே இறக்கினால் அங்கே நச்சுவாயு காத்திருக்கிறது. பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் மரணங்கள் நிற்கவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் ரூபாயாக உயர்த்த நேர்ந்தது.

பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு இலட்சக்கணக்கானோர் வரும் ஊர் நம் திருவண்ணாமலை. விடுதிகளும் கடைகளுமே குழாய்களை அடைக்கின்றன என்று சொல்லித் தப்பிவிடலாம். மறுமையிலோ நம் அடுப்பங்கரையைப் பற்றி நம்மிடமே கேட்கப்படும். அல்லாஹ்வுக்குரிய கடமையில் தவறினால் அவனிடம் தவ்பா செய்யலாம். அடியாருக்கு இழைத்த அநீதியை அந்த அடியாரே மன்னிக்க வேண்டும். பெயரும் அறியாத அத்தொழிலாளியை எங்கே தேடி மன்னிப்புக் கேட்பது?

செய்ய வேண்டியது எளிது. தட்டையும் சட்டியையும் கழுவுமுன் பழைய தாளால் துடைத்து, அதைக் குப்பையில் இடுங்கள். தொட்டியில் சல்லடை வையுங்கள். மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டுப் பாட்டிலில் சேருங்கள், வடிகாலில் ஊற்றாதீர்கள். பயன்படுத்திய எண்ணெயைப் பயோடீசலாக்க, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ஆம் ஆண்டு 'ரூகோ' திட்டத்தைத் தொடங்கியது. விருந்துக்குச் சமையல்காரரை அமர்த்தும்போதே, மீதி எண்ணெயை அத்திட்டத்தின் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்கச் சொல்லி ஒப்பந்தம் பேசுங்கள். ரமளானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் அண்டாக்களைத் துடைத்த பின்னரே கழுவச் செய்யட்டும்.

நம் கையால் எவருக்கும் தீங்கு நேராமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.