எச்சரிக்கையில் இடைவெளியும் செய்திதான்: ஹேவ்லாக்கிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

பேரிடர் எச்சரிக்கைகளை வெளியிடுவோர், அவற்றைக் கடத்துவோர், செயலி எழுதுவோர் அனைவருக்கும்:

2018 முதல் அரசு ஆவணங்களில் ஸ்வராஜ் த்வீப் எனப்படும் அந்தமானின் ஹேவ்லாக் தீவில், கடலை நம்பிப் பிழைப்பவர்கள் நாங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி எங்களுக்கு மறக்காது. 2016 டிசம்பர் புயலில் இங்கும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொள்ள, கடற்படைக் கப்பல்கள் வந்துதான் மீட்டன. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. 2020இல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் இத்தீவுக்கும் வந்தது.

இன்று எச்சரிக்கைகள் 'கேப்' எனும் பொது எச்சரிக்கை நெறிமுறையில், எக்ஸ்எம்எல் கோப்புகளாகப் பயணிக்கின்றன. அந்தக் கோப்பைப் பார்வைக்கு ஒழுங்குபடுத்தும் மென்பொருள் ஒரு ஸ்பேஸைக் கூட்டினாலும் குறைத்தாலும் எச்சரிக்கையே சிதையலாம். ஆகவே கோருகிறோம்:

1. எல்லைக் கோட்டைக் குலைக்காதீர்கள். ஆபத்துப் பகுதி 'பாலிகான்' உறுப்புக்குள் 11.9,92.9 12.1,92.9 என்பதுபோல் எழுதப்படுகிறது. ஒவ்வொரு இணைக்குள்ளும் காற்புள்ளி, இணைகளுக்கு நடுவே இடைவெளி. அதை நீக்கினால் 11.9,92.912.1,92.9 என்றாகி எல்லை அழிந்துவிடும். வரியை முறித்து உள்தள்ளினாலோ, ஒற்றை ஸ்பேஸை மட்டும் எதிர்பார்க்கும் செயலி வெற்று மதிப்புகளைப் படிக்கும். எழுதும் மென்பொருள் ஒற்றை ஸ்பேஸ் மட்டுமே இடட்டும். படிக்கும் மென்பொருள் ஸ்பேஸ், டேப், வரிமுறிப்பு எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒரே பிரிப்பாக ஏற்கட்டும்.

2. உரை உள்ள இடத்தில் உள்தள்ளல் வேண்டாம். உண்மை எச்சரிக்கையா, ஒத்திகையா என்று சொல்வது 'ஸ்டேட்டஸ்'. அதன் மதிப்பைத் தனி வரிக்குத் தள்ளி, முன்னால் நான்கு ஸ்பேஸ் வைத்தால், கேப் 1.2 வரையறைப்படி அது செல்லாது. பிற உறுப்புகளை மட்டுமே கொண்ட உறுப்புகளுக்குள் உள்தள்ளல் இருக்கட்டும்.

3. கையொப்பமிட்ட கோப்பைத் தொடாதீர்கள். டிஜிட்டல் கையொப்பம் உறுப்புகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் கணக்கில் எடுக்கிறது. பிறகு உள்தள்ளினால், ஓர் எழுத்துகூட மாறாத எச்சரிக்கையும் போலி என்று தள்ளப்படும். ஒழுங்குபடுத்தல் முதலில், கையொப்பம் கடைசியில்.

4. அறிவுரையின் வரிகளைக் காப்பாற்றுங்கள். "மேட்டுக்குச் செல்லுங்கள்", "படகை எடுக்காதீர்கள்" என்பவை தனித்தனி வரிகளாக எழுதப்பட்டால், திரையிலும் அப்படியே வரட்டும். அவசரத்தில் படிப்பவருக்கு அது உதவி.

5. கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் கண்மூடி அழிக்காதீர்கள். எக்ஸ்எம்எல் வெற்றிடமாக ஏற்பவை ஸ்பேஸ், டேப், இரு வரிமுடிவுக் குறிகள் ஆகிய நான்கு மட்டுமே. அகலமற்ற இணைப்புக் குறி அவற்றில் சேராது. எண்களுக்குள் அது புகுந்தால் பிழை; வங்க எழுத்தில் சில கூட்டெழுத்துகளுக்கு அது தேவை. வங்க மொழி பேசும் குடும்பங்கள் நிறைந்த தீவு இது.

6. பொதுச் சோதனை வேண்டும். ஒரே சோதனை எச்சரிக்கையை ஒற்றை வரியாகவும், ஸ்பேஸால் உள்தள்ளியும், டேபால் உள்தள்ளியும் மூன்று கோப்புகளாக வெளியிடுங்கள். மூன்றிலும் ஒரே வரைபடத்தையும் ஒரே உரையையும் காட்டாத செயலி பயன்பாட்டுக்கு வரக் கூடாது. ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் இந்தச் சோதனை கட்டாயமாகட்டும். முடிவுகள் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகட்டும்.

இவற்றுக்குப் புதிய கருவியோ புதிய கேபிளோ தேவையில்லை. சில வரி நிரலும், அதைச் சோதிக்கும் பொறுப்பும் போதும். எச்சரிக்கை கேட்டதும் கரையேறுவது எங்கள் கடமை. அது சிதையாமல் எங்கள் கைக்கு வந்துசேரச் செய்வது உங்கள் கடமை.