வானத்திலும் வேலி!

"அரசியலா? அது நமக்கெதற்கு? அரிசிக்கு வழி பார்ப்போம்!" ஆலை வாயிலிலும் தேநீர்க் கடையிலும் இப்படிச் சலித்துக்கொள்ளும் நண்பர்கள் உண்டு. அவர்களை நாம் கடிந்துகொள்ளவில்லை. உழைத்துக் களைத்தவரின் சலிப்பு அது. ஆனால், இரு நகரங்களின் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு பேசட்டும்!

ஒன்று, பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி. மற்றொன்று, ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. இடைத்தொலைவு, நேர்வழியில், ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். அந்த நேர்வழி ருஷ்யாவின் சைபீரிய வானத்தில் செல்கிறது. ஒன்பதரை மணி நேரத்தில் விமானம் போய்ச் சேரும். இது இயற்கை வகுத்த கணக்கு!

அரசியல் வகுத்த கணக்கோ வேறு. பனிப்போர்க் காலத்தில் மேலை நாட்டு விமானங்களுக்குச் சைபீரிய வானம் எளிதில் திறக்கவில்லை. 1957-ல் கோபன்ஹேகனிலிருந்து டோக்கியோ சென்ற விமானம், வடதுருவப் பக்கமாக வளைந்து, அலாஸ்காவில் இறங்கி, எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயிற்று. 1983-ல் பின்லாந்து விமானம் எங்கும் இறங்காமல், துருவ வழியே டோக்கியோ சேர்ந்தது. பிடித்த நேரம் சுமார் 13 மணி! பின்னர் பனிப்போர் தணிந்தது, வான்கதவு திறந்தது, பயணம் குறுகிற்று.

2022 பிப்ரவரி 24. ருஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது. ஐரோப்பிய நாடுகள் ருஷ்ய விமானங்களுக்குத் தம் வானை அடைத்தன. பதிலுக்கு ருஷ்யாவும் 36 நாடுகளின் விமானங்களைத் தடுத்தது; அவற்றில் பின்லாந்தும் ஒன்று. விளைவு? மறுபடியும் துருவ வழி. மறுபடியும் 13 மணி! முப்பத்தொன்பது ஆண்டுகளில் விமானம் மாறிற்று, என்ஜின் நுட்பம் வளர்ந்தது. கடிகாரம் மட்டும் பழைய இடத்துக்கே போய் நின்றது. வழியை மறித்தது மேகமா, புயலா? இல்லை, ஆள்வோரின் ஆணை! சீன விமானங்கள் அதே வானில் தடையின்றிப் பறந்தனவே!

கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் எண்ணெய். அந்தக் கணக்கை யார் தீர்த்தது? போர் தொடுத்தவரா? ஆசியாவுக்குக் குறுக்குவழி என்பதையே மூலதனமாகக் கொண்டு வளர்ந்தது பின்லாந்தின் விமான நிறுவனம். துருவம் கடந்த பயணிகளுக்கு அது சான்றிதழ் வழங்கிற்று. ஊழியருக்கோ, அதே 2022-ல், ஆட்குறைப்பு அறிவிப்பு! காரணம்? வான்வழி அடைபட்டதாம்!

போர்க்களம் எங்கே, வேலை இழந்த ஊழியன் வீட்டு அடுப்பு எங்கே? அவனும் ஒரு நாள், "அரசியல் நமக்கெதற்கு?" என்று சொல்லியிருக்கக்கூடும். அரசியலை அவன் தேடிப் போகவில்லை; அதுவே அவன் வீட்டுக் கதவைத் தட்டிற்று.

தோழர்களே! நம் படிப்பகத்தில் உலக உருண்டை இருந்தால், அந்த இரு ஊருக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். நூல் சிறியது. அந்தச் சிறு வழியை நெடுவழியாக்கிய கை எது என்று சலித்துக்கொள்ளும் நண்பரைக் கேளுங்கள். விடை தெரிந்தபின், அரிசிக்கும் அரசியலுக்கும் உள்ள தொலைவை அவரே அளந்து சொல்வார்!