450 சிசி-யா, 700 சிசி-யா? ஸ்போர்ட் குவாட்: எந்த மண்ணுக்கு எந்த வண்டி? முழு விளக்கம்

உலகின் மிகக் கடினமான ராலி என்று பெயரெடுத்த டக்கார் ராலியில், 2025 முதல் குவாட் பிரிவு கிடையாது. 2009-ல் தனிப் பிரிவாகத் தொடங்கிய இந்தப் போட்டியின் கடைசி சாம்பியன், 2024-ல் யமஹா குவாட் ஓட்டி வென்ற அர்ஜென்டினா வீரர் மானுவேல் அந்துஹார். சில ஆண்டுகளாகவே குவாட் ஓட்ட வருபவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பிரிவையே மூடிவிட்டார்கள்.

ரேஸ்ல இடம் போச்சு, ஆனா வண்டி போகல. அமெரிக்காவின் மணல்மேடுகளிலும் காட்டுத் தடங்களிலும் ஸ்போர்ட் குவாட் இன்னும் சீறிக்கொண்டுதான் இருக்கிறது. துபாய், ஷார்ஜா பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரும் பாலைவனத்தில் வாடகைக்கு எடுத்து ஓட்டியிருப்பார்கள்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'எது பெஸ்ட்?' என்பதுதான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. எங்கே ஓட்டப் போறீங்க?

ஸ்போர்ட் குவாட் என்றால் என்ன?

தோட்டம், பண்ணை வேலைக்கு ஓடும் ஏடிவி வேறு, ஸ்போர்ட் குவாட் வேறு. பண்ணை வண்டியில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர், நாலு சக்கரத்துக்கும் இழுவை, சாமான் வைக்க கேரியர் எல்லாம் இருக்கும். ஸ்போர்ட் குவாட்டில் அதெல்லாம் இல்லை. பைக் மாதிரியே கிளட்ச், காலால் மாற்றும் கியர், செயின். இழுவை பின் சக்கரங்களுக்கு மட்டும்தான்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம் பின் ஆக்சில். காரில் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுற்ற டிஃபரன்ஷியல் உதவும். ஸ்போர்ட் குவாட்டில் அது கிடையாது. இரண்டு பின் சக்கரங்களும் ஒரே தண்டில், ஒரே வேகத்தில் சுற்றும். அதனால் திரும்பும்போது ஒரு சக்கரம் மண்ணில் வழுக்கியே ஆக வேண்டும். ஓட்டுபவரும் உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்க்க வேண்டும். மண்ணுக்கு மண் வண்டியின் குணம் மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இப்போது போட்டியில் இருப்பவை எவை?

யமஹாவின் இரண்டு மாடல்களைச் சுற்றித்தான் இன்றைய பேச்சு.

* ஒய்எஃப்இசட் 450ஆர்: 449 சிசி, ஒற்றை சிலிண்டர். எரிபொருள் நிரப்பிய எடை சுமார் 184 கிலோ. அகலம் 48.8 அங்குலம். ரிவர்ஸ் கியர் இல்லை.
* ராப்டர் 700ஆர்: 686 சிசி, இதுவும் ஒற்றை சிலிண்டர்தான். எடை சுமார் 192 கிலோ. அகலம் சுமார் 46 அங்குலம். ரிவர்ஸ் கியர் உண்டு.

எடை வித்தியாசம் 8 கிலோ அளவுதான். ஆனா ஓட்டிப் பார்த்தா ரெண்டும் ரெண்டு விதம். 450-ன் இன்ஜின் வேகமாகச் சுழலும்போதுதான் முழு பலத்தையும் காட்டும். சரியான கியரில் வைத்து, ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 700-ல் டார்க் எனப்படும் இழுவிசை கீழ் வேகத்திலேயே கிடைத்துவிடும். கியரை அடிக்கடி மாற்றாவிட்டாலும் இழுத்துக்கொண்டு போகும்.

1. மோட்டோகிராஸ் தடம்: 450-ன் கோட்டை

மோட்டோகிராஸ் என்றால் மண்ணால் கட்டிய மேடு, பள்ளம், குறுகிய வளைவு. வண்டி பல அடி உயரம் பறந்து தரையில் வந்து விழும். அந்த அடியைத் தாங்குவது சஸ்பென்ஷனின் வேலை. 450ஆர் மாடலில் முன்பக்கம் 9.8 அங்குலமும் பின்பக்கம் 11 அங்குலமும் சஸ்பென்ஷன் இறங்கி ஏறும். ராப்டரில் இது 9.1, 10.1 அங்குலம்.

அகலமும் இங்கே சாதகம். சக்கரங்கள் எவ்வளவு விலகி இருக்கிறதோ, வளைவில் கவிழும் ஆபத்து அவ்வளவு குறையும். அமெரிக்க தேசிய மோட்டோகிராஸ் போட்டிகளின் உச்சப் பிரிவிலும் 450 சிசி வண்டிகள்தான் ஓடுகின்றன.

2. காட்டுத் தடம்: அகலமே எதிரி

மோட்டோகிராஸில் காப்பாற்றிய அதே அகலம், காட்டுக்குள் வந்தால் வம்பு. இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்து வர ஒவ்வொரு அங்குலமும் கணக்கு. அமெரிக்க வனப்பகுதிகளில் 50 அங்குல அகலத்துக்குள் இருக்கும் வண்டிக்கு மட்டுமே அனுமதியுள்ள தடங்களும் நிறைய உண்டு.

அங்கே பிரபலமான ஜிஎன்சிசி கிராஸ் கன்ட்ரி தொடரில் குவாட் ரேஸ் சுமார் 2 மணி நேரம் நடக்கும். வேர், பாறை, சேறு, ஓடை எல்லாம் வரும். இந்தத் தேவைக்காகவே யமஹா 2010-ல் ஒய்எஃப்இசட் 450எக்ஸ் என்று சுமார் 46 அங்குல அகலத்தில் தனி மாடல் விட்டது. அது நீண்ட காலம் நீடிக்கவில்லை. இப்போது காட்டு ரேஸுக்குப் போகிறவர்கள் 450ஆர் வாங்கி, முன்பக்க ஆர்ம், பின் ஆக்சிலை மாற்றி அகலத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

பந்தயம் இல்லாமல் சும்மா சுற்றிவர என்றால் ராப்டரின் ரிவர்ஸ் கியர் பெரிய வரம். மரத்தில் முட்டி நின்றுவிட்டால் 184 கிலோ வண்டியை இறங்கி இழுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

3. மணல்மேடு: இழுவிசை பேசும் இடம்

கலிஃபோர்னியாவின் தென்கிழக்கில் உள்ள இம்பீரியல் மணல்மேடுகள் 60 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. இங்கே ஏற்றத்தில் பாதியில் வேகம் குறைந்தால் கதை முடிந்தது. சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு கீழே புதையும். அதனால் ராப்டர் போன்ற பெரிய இன்ஜினுக்கு மதிப்பு அதிகம். அந்தக் காலத்தில் இங்கே கொடிகட்டிப் பறந்தது யமஹா பான்ஷீ. 347 சிசி, இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். 2006 மாடலோடு அமெரிக்காவில் விற்பனை நின்றும் ரசிகர்கள் விடவில்லை.

ஆனால் மணலில் இன்ஜினுக்குச் சமமாக டயரும் முக்கியம். பின்னால் துடுப்பு மாதிரி பட்டைகள் வைத்த பேடில் டயர் மாட்டுவார்கள். அது மணலை அள்ளித் தள்ளி வண்டியை முன்னே நகர்த்தும். அதே டயரோடு கெட்டித் தரையில் ஓடினால் பட்டைகள் சீக்கிரமே தேய்ந்துவிடும். காற்றழுத்தமும் குறைவு. கார் டயரில் 30 பிஎஸ்ஐ அளவு என்றால், குவாட் டயரில் 4, 5 பிஎஸ்ஐ-தான்.

4. நீண்ட பாலைவனம்: நின்றுவிடாத வண்டி வேண்டும்

டக்கார் ராலியில் 2011 முதல் பைக்குகளுக்கு 450 சிசி என்ற உச்சவரம்பு வந்தது. குவாட்களுக்கு அது இல்லை. அங்கே மீண்டும் மீண்டும் ஜெயித்தது ராப்டர் 700. அர்ஜென்டினாவின் மார்கோஸ், அலெஹாந்த்ரோ பாத்ரோனெலி சகோதரர்கள் அதில்தான் பட்டங்களைக் குவித்தார்கள். நாள் முழுக்க ஓடும்போது, இன்ஜினைக் கதறவிடாமல் வேகம் எடுப்பது பெரிய லாபம். இன்ஜினுக்கும் தேய்மானம் குறைவு, ஓட்டுபவருக்கும் களைப்பு குறைவு.

ஏன் இரண்டே மாடல்?

2000-களின் பிற்பகுதியில் நிலைமை வேறு. ஹோண்டா, சுசுகி, கவாஸாகி, கேடிஎம், கேன்-ஏம் எல்லாமே 450 சிசி குவாட் வைத்திருந்தன. 2008 பொருளாதார நெருக்கடியில் பொழுதுபோக்கு வண்டிகளின் விற்பனை சரிந்தது. அதே காலத்தில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும், கூண்டு வைத்த சைடு-பை-சைடு வண்டிகள் பிரபலமாயின. குடும்பத்தோடு போகலாம் என்பதால் வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஹோண்டா தன் டிஆர்எக்ஸ் 450ஆர் மாடலை 2014-ஓடு நிறுத்தியது. முழு அளவு ரேஸ் குவாட் என்றால் இன்று கிட்டத்தட்ட யமஹா மட்டும்தான். விலை 10 ஆயிரம் டாலரை ஒட்டி வருகிறது.

இதன் விளைவு என்ன? ஒவ்வொரு மண்ணுக்கும் ஏற்ற வண்டி கடையில் கிடைப்பதில்லை. வாங்கியதை மண்ணுக்கு ஏற்ப மாற்றும் செலவு ஓட்டுபவர் தலையில் விழுகிறது.

தப்பாகத் தேர்ந்தெடுத்தால்?

இது பணம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. எளிதில் கவிழ்ந்த மூன்று சக்கர ஏடிவிகளால் விபத்துகள் பெருகியதால், 1988-ல் அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அமெரிக்காவில் அவற்றின் விற்பனையையே நிறுவனங்கள் நிறுத்த வேண்டி வந்தது. நாலு சக்கரம் வந்தும் ஆபத்து தீரவில்லை. எல்லா வகை ஆஃப் ரோடு வண்டிகளையும் சேர்த்து, அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேர் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வருகிறார்கள். நூற்றுக்கணக்கானோர் உயிரிழக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை:

* தார் ரோடு வேண்டவே வேண்டாம். மண்ணில் வழுக்க வேண்டிய பின் சக்கரம் தாரில் இறுகப் பிடித்துக்கொள்ளும். வண்டி நினைத்தபடி திரும்பாது, கவிழவும் கூடும்.
* ஸ்போர்ட் குவாட் ஒருவருக்கான வண்டி. பின்னால் ஆள் ஏற்றக் கூடாது.
* 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெரியவர்களின் குவாட் கூடாது.
* மணல்மேட்டின் உச்சிக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. இம்பீரியல் மணல்மேடுகளில் 8 அடி உயரக் கொடிக்கம்பம் கட்டாயம் என்பது இதனால்தான்.
* ஹெல்மெட், கண்ணாடி, பூட்ஸ் இல்லாமல் ஏறக் கூடாது.

அப்போ எதைத்தான் எடுப்பது?

தடத்தில் குதிக்க, ரேஸ் பழக 450. மணல், திறந்தவெளி, நீண்ட பயணத்துக்கு 700. காட்டு ரேஸுக்கு அகலம் குறைத்த 450, நிதானமான காட்டுச் சுற்றுக்கு 700. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இந்த இரண்டுமே அதிகம். கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற வசதியுள்ள ஹோண்டா டிஆர்எக்ஸ் 250எக்ஸ் போன்ற 229 சிசி வண்டியில் தொடங்கினால் கை, கால், உடம்பு மூன்றும் முதலில் பழகும். பெரிய வண்டி அப்புறம் வரட்டும்.