குழந்தைகளுக்காகத் திருத்துவது

பெரியவர்களுக்கு எழுதிய நாவல் நடுவில் சற்றுத் தொய்ந்தாலும், ஆசிரியர் பெயருக்காகவோ கொடுத்த விலைக்காகவோ அவர்கள் கடைசிவரை பொறுத்துக் கொள்வார்கள். குழந்தைகளிடம் அந்தத் தாட்சண்யம் கிடையாது. புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள்; காரணமும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே, குழந்தைகளுக்கென்று எழுதிய கைப்பிரதியைத் திருத்துவது எழுதுவதைக் காட்டிலும் கடினமான காரியம். கடுஞ் சொற்களை நீக்கி, வாக்கியங்களைக் குறுக்கி, முடிவில் ஒரு நீதியை ஒட்டிவிட்டால் போதும் என்பது நம்மவர் பலருடைய அபிப்பிராயம். இது சரிதானா என்று அறிய, இங்கிலாந்தில் பிறந்த ஒரு புஸ்தகத்தின் ஜாதகத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

1862-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, ஆக்ஸ்போர்டில் கணித ஆசிரியராயிருந்த சார்லஸ் டாட்ஜ்ஸன், கல்லூரித் தலைவரின் பெண்கள் மூவரைப் படகில் அழைத்துச் சென்று ஒரு கதை சொன்னார். நடுப் பெண் ஆலிஸ் அதை எழுதித் தரும்படி கேட்டாள். தம் கையாலேயே எழுதிச் சித்திரங்களும் தீட்டி, 1864 நவம்பரில் அவளுக்கு அதை அளித்தார். இதற்கிடையில் கதாசிரியர் ஜார்ஜ் மக்டொனால்டின் வீட்டில் அக்கதை குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதற்கு அறுபதினாயிரம் பிரதிகள் இருக்கவேண்டும் என்றானாம் அவ்வீட்டுச் சிறு பையன்.

ஆனால், ஒரு குழந்தைக்குச் சொன்ன கதை உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பொருந்துமா? கண்ணீர்க் குளத்தில் நனைந்த பிராணிகள் ஒரு குடிலுக்குச் சென்று உலர்ந்ததாகக் கைப்பிரதியில் ஒரு கட்டம் உண்டு. அச் சகோதரிகள் முன்பு மழையில் நனைந்து ஒரு வீட்டில் ஒதுங்கிய சம்பவம் அதில் மறைந்திருந்தது. அவர்களுக்கு அது வேடிக்கை. மற்றவர்களுக்கு வெறும் செய்தி. டாட்ஜ்ஸன் அதை எடுத்துவிட்டு, எல்லோரும் ஓடி எல்லோரும் ஜயிக்கும் ஒரு விசித்திரப் பந்தயத்தை வைத்தார். உடல் மறைந்தும் சிரிப்பு மறையாத பூனை, முடிவே இல்லாத தேநீர் விருந்து எல்லாம் திருத்தும்போது புகுந்தவைதாம். நான்கு அத்தியாயம் பன்னிரண்டாகி, 1865-ல் லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் நூல் வெளிவந்தது. திருத்தம் என்றால் குறைத்தல் மட்டுமே அல்ல என்பது இதனால் விளங்குகிறது.

குறைக்கவேண்டிய இடமும் வந்தது. ஆலிஸின் இரண்டாவது புஸ்தகத்தில், முணுமுணுக்கும் கிழக் குளவி ஒன்றுக்கு ஆலிஸ் பரிவோடு ஆறுதல் சொல்லும் பகுதி இருந்தது. அது தமக்கு ருசிக்கவில்லை என்று சித்திரக்காரர் டென்னியல் 1870-ல் கடிதம் எழுதினார். கரோல் அதை நீக்கிவிட்டார். அச்சுக்கோத்த அந்தத் தாள்கள் 1974-ல்தான் ஏலத்துக்கு வந்தன, 1977-ல் பிரசுரமாயின. அப்பகுதியில் நல்ல குணம் இருந்தது. முதியோரிடம் இரக்கம் இருந்தது. நீதி வேண்டும் என்போர் அதை விட்டிருக்கவே மாட்டார்கள். எனினும், கதையின் ஓட்டத்துக்கு உதவாத நற்குணமும் குழந்தைக்குப் பாரமே.

நம் எழுத்தாளர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பிரதியை அச்சாபீஸுக்கு அனுப்புமுன் நாலு குழந்தைகளை உட்காரவைத்து உரக்க வாசியுங்கள். அவர்கள் சொல்லும் அபிப்பிராயத்தைக் கேட்கவேண்டாம். மரியாதைக்கு நன்றாயிருக்கிறது என்பார்கள். எந்த வரியில் அவர்கள் பார்வை வாசற்பக்கம் திரும்புகிறது என்று மட்டும் கவனியுங்கள். அந்த வரியில் பேனாவை வையுங்கள். சலிப்போடு ஒரு குழந்தை மூடிவைக்கும் முதல் தமிழ்ப் புஸ்தகமே அதன் கடைசித் தமிழ்ப் புஸ்தகமாகவும் ஆகிவிடக் கூடும்.