குப்புலி சிமிட்டியது எதை?

கீழ்க்கண்ட பத்தியைப் படித்து, வினாக்களுக்கு விடையளிக்கவும்:

'குப்புலி டங்காவை மெல்லச் சிமிட்டியது. அதைக் கண்ட பொரிவன் லபக்கினான்.'

1. குப்புலி எதைச் சிமிட்டியது? 2. எவ்வாறு சிமிட்டியது? 3. லபக்கியவன் யார்?

டங்காவை. மெல்ல. பொரிவன். மூன்றுக்கு மூன்று! கை கொடுங்கள் சார். குப்புலி என்றால் மிருகமா, மிக்ஸியா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் முழு மார்க்.

இப்போது நாலாவது கேள்வி. பொரிவன் ஏன் லபக்கினான்?

முழிக்கிறீர்கள் அல்லவா? நம் பிள்ளைகள் ஆறாவது, ஏழாவது, எட்டாவதில் முழிப்பதும் இந்த இடத்தில்தான்.

பீளமேட்டில் எங்கள் மாடியில் குடியிருக்கும் பவுண்டரித் தொழிலாளியின் பையன் எட்டாவது படிக்கிறான். அரசுப் பள்ளி. உரைப்பத்திக் கேள்வியில் பத்துக்குப் பத்து வாங்குகிற ஆள். ரகசியம் கேட்டேன்.

"அது ஈஸிங் மாமா. கேள்வில இருக்கற வார்த்தைய பத்தில தேடோணும். கெடச்சா அந்த வரிய அப்படியே எழுதிப்போடோணும். அவ்வளவுதானுங்."

"பத்தியைப் படிக்க மாட்டியா கண்ணு?"

"எதுக்குங் மாமா? டைம் வேஸ்ட்டுங்!"

பையனைத் தப்புச் சொல்ல முடியாது. 'யார், எது, எப்போது' என்று மட்டும் கேட்டால் அவன் செய்வதுதான் புத்திசாலித்தனம். 'ஏன்' என்று ஒருத்தர் கேட்கும் வரை.

அப்படி ஒருத்தர் கேட்டார்கள். 'பிசா' என்று ஒரு சர்வதேசத் தேர்வு. சாய்ந்த கோபுரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நாம் சாய்ந்தது உண்மை. 2010-ல் தமிழ்நாட்டிலும் இமாசலப் பிரதேசத்திலும் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். 2011 டிசம்பரில் ரிசல்ட். வாசிப்பில் வளர்ந்த நாடுகளின் சராசரி 493. தமிழ்நாடு 337. பங்கேற்ற எழுபத்துச் சொச்சம் நாடுகள், பிரதேசங்களில் கடைசி மூன்று இடங்களுக்குள் நாமும் இமாசலமும். அதற்கப்புறம் 2022 வரை நாலு தடவை (2012, 2015, 2018, 2022) தேர்வு நடந்தது. நாலு தடவையும் இந்தியா எழுதவில்லை. ஃபெயிலானால் 'வயித்து வலி' என்று லீவு போடுவது பிள்ளைகள் மட்டுமல்ல.

2009 பிசாவுக்காகத் தயாரித்து, பிற்பாடு வெளியிட்ட கேள்விகளில் ஒன்று நம்ம ஊர்ச் சமாசாரம். விஜய்பத் சிங்கானியா 2005 நவம்பர் 26-ல் வெப்பக் காற்று பலூனில் 21,000 மீட்டர் உயரம் போய் உலக சாதனை செய்தார் இல்லையா, அது பற்றிய படமும் குறிப்பும். ஓரத்தில் ஒரு ஜம்போ ஜெட் படம். கேள்வி: 'ஜம்போ ஜெட்டை எதற்காக வரைந்திருக்கிறார்கள்?'

பலூன் எவ்வளவு உயரம் போனது என்று விமானத்தோடு ஒப்பிட்டுக் காட்டத்தான். இந்த விடை பக்கத்தில் எங்கேயும் அச்சாகவில்லை. எங்கள் மாடிப் பையன் வரி வரியாகத் தேடினாலும் சிக்காது. குப்புலி டெக்னிக் காலி!

சரி, வழி என்ன? நம்ம ஊர்ப் பத்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

'கோவையில் முதல் பஞ்சாலையை 1888-ல் ஸ்டேன்ஸ் தொடங்கினார். 1932-ல் பைக்காராவில் நீர்மின் உற்பத்தி ஆரம்பித்தது. அதன் பிறகு ஊரில் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின.'

முதல் விதி: கேள்விகளை முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு, பத்தியை முழுசாகப் படிக்க வேண்டும். தேடிப் படிப்பது வேறு, படித்துவிட்டுத் தேடுவது வேறு.

இரண்டு: கேள்விச் சொல்லுக்கு அடிக்கோடு. 'எப்போது' என்றால் வருஷம். 'ஏன்' என்றால் காரணம். 'ஏன்' என்பதற்கு '1932' என்று எழுதி வைக்கிற பிள்ளைகள் ஏராளம்.

மூன்று: 'அது, அவர், அதன் பிறகு' வந்தால் நின்று, எது, யார், எதன் பிறகு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே 'அதன் பிறகு' என்றால் மின்சாரத்துக்குப் பிறகு. ஸ்டேன்ஸுக்குப் பிறகு அல்ல.

நாலு: இரண்டு வரிகளை முடிச்சுப் போடுவது. 'ஆலைகள் பெருக எது உதவியது?' என்றால் 'மின்சாரம்' என்று நேராக ஒரு வரியும் சொல்லவில்லை. இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் சேர்த்தால் வருகிறது. 'ஏன்' கேள்விகள் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

ஐந்து: சொந்தச் சரக்கு கூடாது. 'கோவையின் குளுகுளு காற்று பஞ்சாலைக்கு ஏற்றது' என்று ஒரு சாய்ஸ் கொடுத்திருப்பார்கள். நிஜமாகவே இருக்கலாம், ஆனால் பத்தியில் இல்லை. ஊர்ப் பாசத்தில் டிக் அடித்தால் மார்க் போச்சு.

ஆறு: 'மட்டுமே, எப்போதும், எல்லோரும்' என்று வரும் சாய்ஸைச் சந்தேகப்படலாம். 'மின்சாரத்தால் மட்டுமே கோவை வளர்ந்தது' என்றால் அந்த 'மட்டுமே'தான் கண்ணிவெடி.

ஏழு: தலைப்பு என்பது சட்டை மாதிரி, அளவு பார்க்க வேண்டும். 'இந்தியத் தொழில் வளர்ச்சி' தொளதொள. 'ஸ்டேன்ஸ்' பிடிக்கும். 'மின்சாரமும் கோவை ஆலைகளும்' கச்சிதம்.

எட்டு: பத்தியை மூடிவிட்டு, அம்மாவிடம் சொல்கிற மாதிரி ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்ப்பது. சொல்ல வந்தால் புரிந்தது. வராவிட்டால் குப்புலி.

இதெல்லாம் பத்து மார்க் சமாசாரம் இல்லை சார். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு. இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி, 90 நிமிஷம். பாஸாகித் தேர்வு பெற்றால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாசம் 1,000 ரூபாய். நாலு வருஷத்தில் 48,000. கணக்கு, அறிவியல், புதிர் என்று எது கேட்டாலும், கேள்வியை ஒரே நிமிஷத்தில் படித்துப் புரிந்துகொண்டால்தான் கணக்கே ஆரம்பிக்கும். 'இல்லாதது எது?' என்ற கேள்வியில் 'இல்லாதது' கண்ணில் படாவிட்டால் அறிவியல் தெரிந்தும் பிரயோசனமில்லை. பவுண்டரிச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் அந்த ஆயிரம் சின்னத் தொகையா?

மாடிப் பையன் இப்போது சாயங்காலம் பேப்பரோடு இறங்கி வருகிறான். தினம் ஒரு செய்தி, அதில் ஒரு 'ஏன்'. கேள்வி கேட்பது நானல்ல, அவன்; பதில் சொல்வதும் அவன். கேள்வி தயாரிக்கிற பிள்ளை பத்தியைப் படிக்காமல் தப்பிக்க முடியாது என்பது இதிலுள்ள சூட்சுமம்.

கடைசியாக, ஆபீஸ் நண்பர்களே, சிரிக்காதீர்கள். போனஸ் சர்க்குலரில் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற வரியைத் தாண்டிப் போய் டூ வீலருக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள் யார் யார், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

லபக்கியது பொரிவன் இல்லை சார். ஃபைனான்ஸ்காரன்!