பால் போதலையா, கூடிப்போச்சா?

1/ வேலம்பாளையம் ஓபியில ஒன்றரை வயசுக் குழந்தையோட அம்மா. "சோறே உண்ண மாட்டேங்குதுங்க டாக்டர். பாலும் நாலு பாட்டில்தானுங்க. டானிக் எழுதிக் குடுங்க."

நாலு பாட்டில்னா ஒரு லிட்டர்! அப்புறம் சோறு எங்கே இறங்கும்?

2/ ஒரு வயசுக்கு மேல பசும்பால் 400-500 மில்லி போதும். அதுல இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடக்கு. தமிழ்நாட்டுல 5 வயசுக்குட்பட்ட குழந்தைகள்ல 57% பேருக்கு ரத்தசோகை (தேசிய குடும்பநல ஆய்வு, 2019-21). பால் மட்டும் காரணமில்லை, ஆனா இதுவும் ஒண்ணு.

3/ அம்மாவைத் திட்டாதீங்க. பனியன் கம்பெனி ஷிஃப்ட்டுக்கு ஓடுறவங்களுக்கு ஊட்ட நேரமேது? பாட்டில்தான் கைகொடுக்குது.

4/ பாட்டிலை நிறுத்தி டம்ளருக்கு மாத்துங்க. முதல்ல பருப்புச்சோறு, முட்டை, பால் அப்புறம். இரும்புச்சத்து சிரப் வாரம் ரெண்டு தடவை 1 மில்லி, அரசுல இலவசம். அதைப் பால்ல கலக்காதீங்க.