நடுவில் வந்து சேரும் டிப்ளமா மாணவர்கள் திண்டாட்டம்! வழிகாட்ட ஆள் இல்லையா?

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், என்ஜினீயரிங் கல்லூரிகள் திறந்த புதிதில், ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

தோளில் பை. கையில் தடிமனான கணக்குப் புத்தகம். கம்பியைப் பிடித்துத் தொங்கிக் கொண்டிருக்கும் பையன், பக்கத்தில் நிற்பவனிடம் கேட்கிறான்.

"டேய், பார்ஷியல் டெரிவேட்டிவ்னா என்னடா? போன வருஷமே நடத்தி முடிச்சிட்டாங்களாமே!"

மற்றவன் முழிக்கிறான். பாவம், அவனும் பாலிடெக்னிக்கிலிருந்து வந்தவன்தான்!

மூன்று வருஷ டிப்ளமா முடித்துவிட்டு, நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேருகிறவர்கள் இவர்கள். "லேட்டரல் என்ட்ரி" என்று பெயர். முதல் வருஷ வகுப்பை இவர்கள் பார்த்ததே இல்லை. ஆனால் முதல் வருஷப் பாடம் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் இரண்டாம் வருஷப் பாடம் நடக்கிறது. திண்டாட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கு சரிதான், ஆனால்...

இந்த வழி ஒன்றும் மட்டமான வழி அல்ல. பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் டூ 2 வருஷம், பி.இ. 4 வருஷம். மொத்தம் 6. டிப்ளமா 3 வருஷம், பி.இ. 3 வருஷம். அதுவும் 6 தான்!

அதுமட்டுமா? டிப்ளமா கையில் இருக்கிறது. பட்டறையில் இரும்பைத் தொட்டு, ஒயரைப் பிடித்துப் பழகிய கை. லேபில் இந்தப் பையன்கள் முன்னால் நிற்பார்கள். பிளஸ் டூ முடித்து வந்தவர்கள் இவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும் உண்டு.

காலேஜ் பீஸில் ஒரு வருஷம் மிச்சம். சிறிய கடை வைத்திருப்பவருக்கும், மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவுக்கும் இது லேசான விஷயமா?

ஆனால் தியரி வகுப்பில் உட்கார்ந்தால், அதே பையன் தலையைக் குனிந்து கொள்கிறான். காரணம் மூளை இல்லாததா? இல்லவே இல்லை! எதைப் படித்துவிட்டு எதைப் படிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

"கம்ப்யூட்டரே எடுத்துக்கோ!"

ராயபுரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகனை உதாரணத்துக்கு எடுத்துக் கொள்ளலாம். பையன் மெக்கானிக்கல் டிப்ளமா. நல்ல மார்க். கவுன்சிலிங் நேரம் வருகிறது.

கடைக்கு வந்தவர் சொல்கிறார்: "அண்ணே, இப்ப யாரு மெக்கானிக்கல் படிக்கிறாங்க? கம்ப்யூட்டர்ல போட்டு விடுங்க. ஐ.டி. கம்பெனியில தூக்கிட்டுப் போயிடுவான்!"

அப்பா மகனைப் பார்க்கிறார். "என்னப்பா, எடுத்துக்கிறியா?"

"எடுத்துக்கிறேன்பா."

முடிந்தது! ஆறு வருஷப் படிப்பின் திசை, கடை வாசலில் ஐந்து நிமிஷத்தில் முடிவாகி விட்டது.

அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் விதி, எந்தப் பிரிவு என்ஜினீயரிங் டிப்ளமாவையும் இரண்டாம் ஆண்டில் சேரத் தகுதியாக ஏற்கிறது. 45 சதவீத மார்க், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே என்ன காத்திருக்கிறது?

பாடத்துக்குள் பாடம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் வருஷப் பாடத்திட்டத்தைப் பார்த்தால் விஷயம் புரியும். கம்ப்யூட்டர் சயன்ஸ் மூன்றாம் செமஸ்டரில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்க்ரீட் மேத்தமேட்டிக்ஸ், ஆப்ஜக்ட் ஓரியன்டட் புரோகிராமிங், டிஜிட்டல் பாடம், டேட்டா சயன்ஸ். முதல் நாளே இவ்வளவும் வந்து இறங்குகிறது.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வாத்தியார் "சி" மொழியில் எழுதிப் போடுவார். பாயின்டர் தெரியாதவனுக்கு அது சீன எழுத்து! வகுப்பில் மற்றவர்கள் முதல் வருஷத்திலேயே பைத்தானும் "சி"யும் படித்துவிட்டு வந்தவர்கள். மெக்கானிக்கல் பையன் லேத்தில் கை வைத்தவன். கோடு எழுதிப் பழகாதவன்.

சரி, அந்தப் பாடத்தில் கோட்டை விட்டான் என்றே வைத்துக் கொள்ளலாம். அத்தோடு நிற்குமா? நான்காம் செமஸ்டரில் அல்காரிதம் காத்திருக்கிறது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் புரியாதவனுக்கு அல்காரிதம் எப்படிப் புரியும்? ஒரு அரியர் இரண்டாகிறது. இரண்டு நாலாகிறது. வட்டிக்கடைக் கணக்குத்தான்!

மெக்கானிக்கலிலேயே சேர்ந்தவனுக்கும் முழு நிம்மதி இல்லை. தெர்மோடைனமிக்ஸ், மெக்கானிக்ஸ் பெயர்கள் ஓரளவு பழக்கமானவை. ஆனால் மூன்றாம் செமஸ்டர் கணக்குப் பாடம் டிரான்ஸ்பார்ம்ஸ். முதல் வருஷத்து மேட்ரிக்ஸும் கால்குலஸும் கை வந்தவனுக்குத்தான் அது நகரும்.

பி.எஸ்சி. முடித்து இரண்டாம் ஆண்டில் சேருகிறவர்களுக்கு வேறு தலைவலி. முதல் வருஷத்து என்ஜினீயரிங் டிராயிங்கையும் மெக்கானிக்ஸையும், இரண்டாம் வருஷப் பாடங்களோடு சேர்த்தே எழுதித் தேற வேண்டும் என்பது விதி. ஒரு தோளில் இரண்டு மூட்டை!

பாடத்திட்டம் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறும். பாடத்தின் பெயரும் மாறும். ஆனால் எதன் மேல் எது நிற்கிறது என்ற வரிசை மாறாது. அஸ்திவாரம் போடாமல் மாடி கட்ட முடியுமா?

நாலு செமஸ்டர்தான் கையில்

இன்னொரு கணக்கு இருக்கிறது. இது பல பெற்றோருக்குத் தெரியாது.

கம்பெனிகள் கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கும் வேலை, பெரும்பாலும் ஆறாம் செமஸ்டர் முடிந்த கையோடு சூடு பிடிக்கிறது. "அரியர் இருக்கக் கூடாது" என்று பல கம்பெனிகள் முதலிலேயே சொல்லி விடுகின்றன.

முதல் வருஷத்திலிருந்து படிப்பவனுக்கு அப்போது 6 செமஸ்டர் மார்க் கையில் இருக்கும். ஒன்றில் சறுக்கினாலும் மீதி ஐந்தில் தூக்கி விடலாம். நடுவில் வந்தவனுக்கு இருப்பது 4 தான். அவனுடைய சராசரி மூன்றாம் செமஸ்டரிலிருந்துதான் கணக்காகிறது. முதல் செமஸ்டரிலேயே சறுக்கினால், கால் பங்கு போச்சு!

புது இடம், புது வாத்தியார், ஏற்கெனவே ஒரு வருஷம் பழகி செட்டு சேர்ந்துவிட்ட வகுப்பு. பத்தாவது வரை தமிழில் படித்தவனுக்கு இங்கிலீஷ் வேறு. பழகிக்கொள்வதற்குள் இன்டர்னல் பரீட்சை வந்து விடுகிறது. மிகவும் இடறக்கூடிய செமஸ்டர்தான் மிகவும் எடை போடும் செமஸ்டர். என்ன விசித்திரம் இது!

வழி இல்லையா?

இருக்கிறது.

டிப்ளமா கடைசிப் பரீட்சைக்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் கிடைக்கும் வாரங்கள் பொன்னானவை. அந்த நாட்களில் ஊர் சுற்றாமல், மூன்று வேலையைச் செய்து விட்டால் பாதி பாரம் குறையும்.

ஒன்று: சேரப் போகும் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, முதல் இரண்டு செமஸ்டரில் என்ன நடத்தினார்கள் என்று பார்ப்பது. தன்னாட்சிக் கல்லூரிகள் சொந்தமாகப் பாடத்திட்டம் வைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பையனின் பாடத்திட்டம் உதவாது.

இரண்டு: கால்குலஸ் தினம் ஒரு மணி நேரம். கம்ப்யூட்டர் எடுப்பவன் "சி" மொழியும் ஒரு மணி நேரம். தனி டியூஷன் கூட வேண்டாம். கல்லூரியில் இருக்கும் சீனியர் ஒருவரின் பழைய நோட்டு போதும்.

மூன்று: எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு ஏணி என்று ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்வது. அந்தப் பாடங்களில் மட்டும் அரியர் விழவே கூடாது என்று சபதம்! மற்றதில் ஒன்று தவறினாலும் அடுத்த பரீட்சையில் பார்த்துக் கொள்ளலாம்.

பிரிவு மாறுவது பாவமல்ல. மெக்கானிக்கலிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாராளமாகப் போகலாம். கடன் எவ்வளவு என்று தெரிந்து கொண்டு போனால் சரி.

யார் பொறுப்பு?

எல்லாவற்றையும் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கலாமா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சின்னக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது சகஜம். இங்கே படித்த எந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்குச் சமம் என்று, கல்லூரி வாரியாக, பாடம் வாரியாகப் பட்டியல் போட்டு "அசிஸ்ட்" என்ற பெயரில் பகிரங்கமாக வைத்திருக்கிறார்கள். முதல் வருஷமே மாணவன் அதைப் பார்த்துப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறான்.

இங்கே அப்படி ஒரு பட்டியலைத் தமிழில் அச்சடித்து, கவுன்சிலிங் நேரத்தில் ஒவ்வொரு பெற்றோர் கையிலும் கொடுத்தால் என்ன? பெரிய செலவா? நாலு பக்கத் துண்டுப் பிரசுரம்!

பல தரப்பிலிருந்து வரும் மாணவர்களுக்குக் கணக்கு, பிசிக்ஸ், டிராயிங் போன்றவற்றில் இணைப்பு வகுப்பு நடத்த வேண்டும் என்று தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் விதிப்புத்தகமே பேசுகிறது. புத்தகத்தில் இருப்பது வகுப்பறைக்கு வர வேண்டும். செமஸ்டர் தொடங்கும் முன் இருபது நாள். காலையில் கணக்கு, மாலையில் கம்ப்யூட்டர். கல்லூரியில் கட்டிடம் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, வாத்தியாரும் இருக்கிறார். மனசு ஒன்றுதான் வேண்டும்.

பாலிடெக்னிக்குகளும் கை கழுவக் கூடாது. கடைசி வருஷத்திலேயே, மேலே படிக்கப் போகிற பையன்களை உட்கார வைத்து, "உனக்கு இது குறை, இதைப் படி" என்று ஒரு வாத்தியார் சொன்னால் போதும்.

இந்தப் பையன்களில் பலர் பத்தாவது முடித்ததும், "சீக்கிரம் ஒரு வேலைக்குப் போகணும்" என்று பாலிடெக்னிக் வாசலை மிதித்தவர்கள். மேலே படிக்க ஆசை வந்து, வீட்டில் கெஞ்சி, நகையை அடகு வைத்து வந்து சேருகிறார்கள். அப்படி வந்தவனை முதல் செமஸ்டரிலேயே தடுக்கி விழ வைத்துவிட்டு, "டிப்ளமா பசங்களே இப்படித்தான்" என்று சொல்வது நியாயமா?

பாதி வழியில் ஏறுகிறவனுக்கும் டிக்கெட் டிக்கெட்டுதான். ஏறும்போது ஒரு கை கொடுங்கள். அடுத்த கவுன்சிலிங் வருவதற்குள்ளாவது சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?